மகளுக்கு டி.சி. வாங்கிய வருஷம்

என் பெரிய மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷங்கள் நான் இதை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறியல் நடந்தது, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், பஸ் ஓடவில்லை, அதனால் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தேன் என்பேன். எல்லாம் நடந்ததுதான். ஆனால் பள்ளிக்கூடம் பத்தே நாளில் திறந்துவிட்டது.

அப்போது நாங்கள் கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் போகிற ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சுகாதாரத் துறையில் வேலை. கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் அறை எடுத்துத் தங்கி, ஊர் ஊராக நடந்துபோய், காய்ச்சல்காரர்களின் விரலில் ரத்தம் எடுத்து மலேரியாவா என்று பார்க்க அனுப்புவார். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருவார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் இரண்டு பெண்களும். பெரியவளுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. சின்னவளுக்கு அடுத்த பிறந்தநாளுக்கு ஆறு.

எனக்கு வண்ணக் கண்ணாடி வேலை. நான் புதுச்சேரிப் பெண். அப்பா சர்ச்சுகளுக்குப் பெஞ்சு செய்கிற தச்சர். அவர் பட்டறைக்குப் பக்கத்திலேயே சர்ச்சு ஜன்னல்களைப் பழுதுபார்க்கிற பட்டறை ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். வண்ணக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள ஈயப்பட்டியில் செருகி, மூட்டுகளைப் பற்றவைத்து ஒரே பலகையாக்குவது. சொல்லும்போது சுலபம்தான். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபோது என் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கண்ணாடி வெட்டும் சக்கரமும் இரண்டு குறடும் இருந்தன. கூடவே ஒரு சைக்கிளும் வந்தது. புதுச்சேரியில் பெண்கள் சைக்கிளில் போவதை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். இங்கே பார்த்தார்கள்.

திருக்கோவிலூர்ப் பக்கத்துச் சிறிய சர்ச்சுகளிலிருந்து உடைந்த ஜன்னல்கள் வரும். நிலம் நீச்சு உள்ளவர்கள் வீட்டு வாசலுக்கு மேலே அரைவட்டமாகக் கண்ணாடி கேட்பார்கள். நடுக்கூடத்தில் பெரிய மேஜை போட்டிருந்தேன். மேஜை நிறைய வேலை கிடந்தால் எனக்குப் பாதியில் அலுத்துவிடும், வேலை இல்லாவிட்டால் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். ஒரு துண்டை வெட்டிவிட்டுப் பருப்பைப் பார்க்கப் போவேன். பருப்பு வேகுமுன் வாசலுக்குப் போவேன். ஏன் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார எனக்கு எப்போதுமே வராது. கல்யாணமான புதிதில் இது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கப் போகிறது என்று ஒரு மாதமாகப் பேச்சு இருந்தது. நடந்த அன்று காலையில் எனக்கு முதலில் தெரிந்தது, பஸ் ஹாரன் கேட்கவில்லை என்பதுதான். ரோட்டுக்குப் போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை. ரோட்டோரத்துப் புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. கிளையில் காயெல்லாம் அப்படியே இருந்தது. நாலைந்து பேர் அடிமரத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் நாளே பெண்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் தாங்காமல் பெரியவளை மேஜைக்குக் கூப்பிட்டேன். ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு இதழாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பழுப்புக் காகிதத்தைக் கொடுத்து, "இத பன்னெண்டா பிரி, எல்லாம் ஒரே அளவா இருக்கணும்" என்றேன். அவள் முதலில் பாதியாக மடித்தாள், பிறகு கால், பிறகு யோசித்தாள். கால் வட்டத்தை மூன்றாக மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பின்னக் கணக்கு என்றால் அழுகிற பெண் அது. அன்றைக்கு அரை மணி நேரத்தில் பன்னிரண்டில் மூன்று என்றால் கால் என்பதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

எனக்குள் ஒரு ஜுரம் ஏறிவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பத்து நாளும் என்னென்னவோ செய்தோம். கோணம் அளந்தோம். சிவப்பையும் நீலத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெயிலில் பிடித்தோம். ஈயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு பழைய பூகோளப் புத்தகத்தைப் பிரித்தோம். சின்னவள் கண்ணாடித் துண்டுகளைச் சுற்றிக் காகிதத்தில் கோடு இழுத்து, அதிலேயே 'ட'வும் 'ப'வும் கற்றுக்கொண்டாள். ஈயம் தொட்ட கையோடு வாய்ப்பக்கம் போகக்கூடாது என்பது என் சட்டம். மணிக்கொரு தரம் சீயக்காய்த் தூள் போட்டுக் கை கழுவினோம். நான் அந்தப் பத்து நாளும் ஒரு தடவைகூட வெறுமனே வாசலுக்குப் போகவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்தது. இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றேன். பிறகு திங்கட்கிழமை ஆகட்டும் என்றேன். மூன்றாவது வாரம் பெரிய டீச்சர் ஆள் அனுப்பினார்.

நான் சைக்கிளில் போனேன். பெரிய டீச்சர் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்.

"இன்னாம்மா, புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா டீச்சர். வூட்லியே பாடம் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன்."

"நீங்க டீச்சர் ட்ரைனிங் முடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படி? கண்ணாடி ஒட்டற வூட்ல புள்ள இன்னாத்த கத்துக்கும்? கைய அறுத்துக்கும், அவ்ளோதான்."

அவர் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது 'கண்ணாடி ஒட்டற' என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஒட்டுகிறதாம்.

"எம் பொண்ணோட டி.சி.ய குடுத்துடுங்க டீச்சர்."

"வூட்ல கேட்டுக்கினு வாங்கம்மா."

"வூட்ல நாந்தான் இருக்கேன்."

டி.சி.யை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது சைக்கிள் தரையில் படாமல் போன மாதிரி இருந்தது. தெரு திரும்புமுன் பயமும் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாகவே எழுதலாம், அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவர் வந்தார். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"அவகிட்ட கேட்டியா?"

"சின்னப் புள்ளகிட்ட இன்னா கேக்கறது?"

"சரி" என்றார். அந்தச் 'சரி' பல நாள் வீட்டுக்குள் கிடந்தது. அவர் திரும்ப அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஜூன் மாதம் வந்தபோது சின்னவளையும் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கவில்லை.

ஆரம்ப மாதங்கள் நன்றாகத்தான் போயின. ஆனால் அந்தப் பத்து நாள் ஜுரம் திரும்ப வரவில்லை. ஆர்டர் வந்தால் பாடம் நிற்கும். பாடம் நடந்தால் ஈயம் ஆறிவிடும். பெரியவள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது என் கண் கண்ணாடியில் இருக்கும். வெட்டும்போது காது அவள் பக்கம் இருக்கும். இரண்டும் உருப்படியாக நடக்காது. காலை ஒன்பது மணிக்குத் தெருப் பெண்கள் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்துக்கு அவள் வாசலில் கோலத்தைச் சரிசெய்கிற மாதிரி நிற்பாள். காலையில் நான் போட்ட கோலத்தில் சரிசெய்ய ஒன்றும் இருக்காது. "உள்ள வா, வேல கெடக்கு" என்று கூப்பிடுவேன். வருவாள். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரியும் இருந்தேன்.

அந்த ஆடி மாதத்தில்தான் பெரிய ஆர்டர் வந்தது. கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாய் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். நடு ஹாலுக்கும் முன் ஹாலுக்கும் நடுவே அரைவட்டமாக, ஆள் நீளத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்றார்.

"உருவம் ஒண்ணும் வேணாம்மா. பூ, கொடி, நட்சத்திரம், அப்படிப் போடுங்க. நீலம் ஜாஸ்தியா இருக்கட்டும், சிவப்பு கம்மி. பொண்ணுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன், அதுக்குள்ள மாட்டிடணும்."

அவ்வளவு பெரிய வேலை நான் தனியாகச் செய்ததில்லை. வரைந்தேன், கிழித்தேன், திரும்ப வரைந்தேன். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரிடம் போய் ஆணி வாங்கி வந்தேன். துண்டுகள் நகராமல் பிடித்துக்கொள்ள அந்த ஆணிதான் தோது. மற்ற நிறமெல்லாம் கையில் இருந்தது. நீலம் மட்டும் சென்னையிலிருந்து லாரியில் வர வேண்டும். லாரி இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கேயாவது ஊர்வலம், எங்கேயாவது கல்லெறி, லாரிக்காரர்கள் ராத்திரி ஓட்டப் பயந்தார்கள். நீலம் வேண்டிய இடமெல்லாம் ஓட்டையாக, அரைவட்டம் மேஜை மேல் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிள்ளைகள் மேல் எரிச்சல் வந்தது.

இந்தத் தடவை ஒரு வாரத்துக்கு மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அடுத்த நாள் தொடங்க வேண்டியது. அன்று காலை பதினொரு மணி இருக்கும். சின்னவள் வந்து, "அக்கா காணோம்" என்றாள்.

கொல்லையில் இருப்பாள் என்றேன். இல்லை. கிணற்றடியில் இல்லை. அறையில் இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. போன வருஷத்துப் பள்ளிக்கூடப் பாவாடை அதில் இல்லை. ஓரம் பிரித்த நூல் தரையில் கிடந்தது. நீளமாக்கி அவளே தைத்திருக்கிறாள். எப்போது தைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீடு, மூன்றே பேர்.

சின்னவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு மிதித்தேன். அன்றைக்குக் காலாண்டுப் பரீட்சை தொடக்கம். பெரிய டீச்சர் வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

"வந்துச்சும்மா. அட்டை, பேனா எல்லாம் எடுத்துக்கினு வந்து கடைசி பெஞ்சுல ஒக்காந்துச்சு. பேரு இல்லாத புள்ளைக்கு நான் எப்படி பேப்பர் குடுக்கறது? அம்மாவ கூட்டிக்கினு வான்னு சொன்னேன்."

"எப்ப?"

"ஒம்பதரைக்கே. நேரா வூட்டுக்குத்தான் போவும்னு இருந்தேன்."

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கால் தானாகவே அங்கே போயிற்று. டீக்கடைக்காரருக்கு என் கணவரைத் தெரியும். திங்கட்கிழமை தவறாமல் அங்கேதான் டீ குடிப்பார்.

"ஒங்க பொண்ணுதானே? மலை பஸ்ல ஏறுச்சு. அப்பாவ பாக்கப் போறேன்னு சொல்லுச்சு. அந்த பஸ்ஸு கச்சிராயபாளையத்துக்கு இந்தாண்டியே மாட்டிக்கிச்சாம். நாளைக்குத்தான் மறியல்னு சொன்னானுங்க, இன்னிக்கே மரத்த சாச்சிட்டானுங்க."

சின்னவளைப் பாய் வீட்டில் விட்டேன். பாயின் மனைவி ஒன்றும் கேட்காமல் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு முன்னாலேயே இருந்த கடையைப் பாய் மூடிக்கொண்டிருந்தார். "மொபெட் எடுக்கறேம்மா, இருங்க" என்றார். மரம் கிடக்கிற ரோட்டில் சைக்கிளைத்தான் தூக்கித் தாண்டலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த ரோட்டை நான் மறக்கவில்லை. இரண்டு பக்கமும் கரும்பு. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எதிரே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறவர்கள், தலையில் மூட்டை, கையில் கோழி. ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நீலப் பாவாடை, ரெட்ட சடை, பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஒருவர் பார்த்தேன் என்றார், ஒருவர் இல்லை என்றார். போலீஸ் வேன் ஒன்று என்னைத் தாண்டிப் போய், முதல் மரத்தைப் பார்த்துத் திரும்பி வந்தது. போலீஸ் அடிக்க ஆரம்பித்தால் ஓடத் தெரியுமா அவளுக்கு என்று நினைத்தேன். பன்னிரண்டு இதழாக வட்டத்தைப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தேன், ஓட யார் சொல்லிக்கொடுப்பார்கள்? முதல் மரத்தில் உட்கார்ந்திருந்த ஆட்கள், "எங்கம்மா போற? போவாதே, திரும்பு" என்றார்கள். மகளைத் தேடி என்றேன். இரண்டு பேர் எழுந்து சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். இரண்டாவது மரத்திலும் அப்படித்தான்.

பஸ் இரண்டாவது மரத்துக்கும் மூன்றாவது மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் நீளச் சீட்டில் படுத்திருந்தார். எழுந்திருக்காமலே கையைக் காட்டினார். "தோ, சமைக்கிறாங்களே, அங்க ஒக்காந்துகினு இருக்கு."

மோட்டார் கொட்டகைப் பக்கம், புங்கமர நிழலில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, பெரிய அண்டாவில் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். மறியலில் இருக்கிறவர்களுக்கு. ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மகள். கையில் ஒரு செய்தித்தாள். போராட்டத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாசிப்பு நின்றது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி அவள் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். அதே வரிசையில்தான் நடந்தது.

"அடிக்காதம்மா" என்று அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த பெண் துடுப்பை வைத்துவிட்டு வந்தாள். என் வயதுதான் இருக்கும், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். முழங்கை வரை சாம்பல். "எல்லாத்தையும் சொல்லுச்சு. பரீட்ச எழுத வுடலியாம், அப்பாகிட்ட சொல்லப் போறேன்னுது. பஸ்ஸ வுட்டு எறங்கி மலைக்கு நடக்கவே கெளம்பிடுச்சு. நாந்தான் புடிச்சி ஒக்கார வச்சேன்."

நான் நன்றி சொன்னேன்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நீயே பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்திட்டியாமே, இன்னாத்துக்கு?"

பள்ளிக்கூடத்தில் எல்லாம் மனப்பாடம்தான், வீட்டில் புரிந்து படிக்கிறாள் என்று சொன்னேன். பின்னக் கணக்கைச் சொன்னேன். பெரிய டீச்சரிடம் சொல்லும்போது நன்றாக இருந்த வார்த்தைகள்தான். அந்த அடுப்புக்கு முன்னால் நின்று சொல்லும்போது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"எம்மா" என்றாள் அவள். கோபமே இல்லை குரலில். "எம் புள்ளைங்க நாள பின்ன படிக்கறதுக்கு ஒரு எடம் வேணும்னு நாங்க வேல வெட்டிய வுட்டுட்டு ரோட்ல ஒக்காந்துகினு இருக்கோம். எந்நேரம் போலீஸ் வருமோன்னு வவுத்துல நெருப்பு. நீ இன்னான்னா கெடச்ச எடத்த எழுதிக் குடுத்துட்டு வந்துட்ட."

மற்ற பெண்கள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, ரெண்டு பேரும் துன்னுட்டு போங்க" என்றாள்.

சாப்பிட்டோம். வாழையிலையில் சுடுசோறும் கத்திரிக்காய்க் குழம்பும். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. என் மகள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், என் பக்கத்தில் இல்லை.

திரும்பும்போது பின்சீட்டில் உட்கார்ந்தாள். கரும்புத் தோட்டம் முடிகிற இடத்தில் கேட்டேன்.

"அப்பாகிட்ட இன்னான்னு சொல்லப் போன?"

"பரீட்ச எழுதணும்னு."

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னேம்மா. மூணு தடவ சொன்னேன். நீ கண்ணாடிய பாத்துக்கினே ம், ம்ன."

எந்த மூன்று தடவை என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததால்தான் அது உண்மை என்று தெரிந்தது. சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டேன். மிதிக்க முடியவில்லை. மீதித் தூரத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் ஊர் அடைந்து கிடந்தது. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்றார்கள். ரேடியோவில் ஒன்று சொன்னார்கள், தெருவில் வேறொன்று சொன்னார்கள். ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் எங்கேயோ ஆதிதிராவிடர் காலனி வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது அந்த நியாயத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எரிந்த குடிசைகளிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். எனக்குச் சோறு போட்ட பெண்ணுக்கு அது தெரியுமா, தெரிந்து என்ன சொன்னாள், தெரியாது. அவளை நான் மறுபடி பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பெரியவள் மேஜைப் பக்கமே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவள் தன் பழைய புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு நடந்தேன். அரிசியில் கல் பொறுக்கினேன், பொறுக்கியதையே திரும்பப் பொறுக்கினேன். நான் பிள்ளைக்காக நிறுத்தினேனா, எனக்காக நிறுத்தினேனா என்று கேட்டுக்கொண்டேன். ஒரு நாள் ஒரு பதில் வரும், அடுத்த நாள் இன்னொரு பதில் வரும். அந்தப் பத்து நாள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதை விட மனசில்லாமல் ஒரு பெண்ணை ஒரு வருஷம் பிடித்து வைத்திருந்தேன். கடைசியில் நின்ற பதில் அதுதான்.

நாலாம் நாள் மத்தியானம் அவர் மலையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். மலைக்காரர்கள் இரண்டு பேர் குறுக்குவழியாகக் கொண்டுவந்து அடிவாரத்தில் விட்டார்களாம். காலில் செருப்பு வார் அறுத்த இடமெல்லாம் புண். பெரியவள் ஓடிப்போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவர் உள்ளே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நானும் திட்டலாம், எல்லாம் கொஞ்சம் சுலபமாகும்.

"இன்னா செய்யப் போற?" என்றார்.

"பெரிய டீச்சர போய் கேக்கப் போறேன்."

"நானும் வரட்டா?"

"வேணாம். நாந்தான் வாங்கினு வந்தேன். நானே போறேன்."

மறியல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றே போனேன். பெரிய டீச்சர் என்னை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார். எழுந்து நடக்கக்கூடாது என்று தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டபோது, சொல்வதற்கு யோசித்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது.

"தப்பு பண்ணிட்டேன் டீச்சர். சேத்துக்கங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அன்னிக்கு அந்தப் புள்ளைய தனியா அனுப்பிட்டேன். ஒரு வாரமா எனக்கு தூக்கம் இல்ல" என்றார். ஒரு தேர்வு வைக்கிறேன், தேறினால் ஏழாம் வகுப்பு, இல்லாவிட்டால் ஆறிலேயே உட்காரட்டும் என்றார்.

தேர்வு அன்று நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். திருத்தி முடித்துவிட்டுப் பெரிய டீச்சர் விடைத்தாளோடு வெளியே வந்தார். "கணக்குல நல்லா போட்டிருக்கா. பின்னமெல்லாம் சுத்தமா வருது. செய்யுள்தான் ஒரு வரி தெரியல" என்றார். ஏழாம் வகுப்பு கிடைத்தது.

சின்னவளை இந்தத் தடவை கேட்டேன். கேட்கும்போது கையில் இருந்த குறடைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "நான் அடுத்த வருஷம் போறேன்" என்றாள். அவளுக்கு மேஜைக்கு அடியில் ஒரு வீடு இருந்தது, அதை உடனே காலி செய்ய முடியாதாம். அடுத்த ஜூனில் சேர்த்தோம்.

லாரி வந்தது. நீலம் பெட்டியில் பாதி உடைந்து வந்தது. முன்பானால் அழுதிருப்பேன், இல்லை கத்தியிருப்பேன். உடைந்ததைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். பெரிய இதழ் ஒன்றுக்கும் தேறாது. அரைவட்டத்தை முழுக்கத் திரும்ப வரைந்தேன். ஒரு பெரிய இதழுக்குப் பதில் மூன்று சின்ன இதழ். ஈயம் ஜாஸ்தி, வேலை இரண்டு பங்கு. நிக்காஹுக்கு ஐந்து நாள் முன்னால் மாட்டினோம். பாய் கீழே நின்று பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார். "பொடிப்பொடியா இருக்கே" என்றார் முதலில். அவர் மனைவி வந்தார். வெயில் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, ஹால் தரை முழுக்க நீலம். அந்த அம்மா தன் வெள்ளைத் துப்பட்டாவை விரித்து அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதான் நல்லாருக்கு" என்றார்.

பெரியவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய முதல் வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. மூன்று மணியிலிருந்தே வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தேன். அவள் வந்ததும் என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன். "ஒண்ணும் நடக்கலம்மா" என்பாள். பையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவாள். வெள்ளிக்கிழமை தலையை இரண்டு கையாலும் சொறிந்துகொண்டு வந்தாள். விலக்கிப் பார்த்தால் தலை நிறையப் பேன். பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணோடு தலையை ஒட்டி வைத்துக்கொண்டு ஒரே புத்தகத்தில் படித்தார்களாம்.

கொல்லையில் வெள்ளைத்துணி விரித்து, பேன் சீப்போடு அவளை முன்னால் உட்கார வைத்தேன். பேன் விழ விழ அவளுக்குப் பேச்சும் விழுந்தது. யார் யாரோடு பேசுவதில்லை, எந்த டீச்சருக்கு எந்தப் புடவை, யார் கொடுக்காப்புளி கொண்டுவந்தாள். கணக்கு டீச்சர் வட்டத்தைப் பிரிப்பதைப் பலகையில் தப்பாகப் போட்டுவிட்டார் என்றாள்.

"நான் வேணா நாளைக்கு வந்து அவங்ககிட்ட..."

"நீ சும்மா இரும்மா" என்றாள். "நானே எழுந்து சொல்லிட்டேன். சரின்னு அழிச்சிட்டு போட்டாங்க."

தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் அரிக்கிறது, இந்தப் பக்கம் வாரு என்றாள்.